லினக்ஸ் கெர்னலுக்குப் பேட்ச் அனுப்புதலும் பிறர் பேட்சை மதிப்பாய்தலும்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூல நிரலில் ஒரேயொரு வரியை மாற்ற வேண்டுமானாலும், அந்த மாற்றத்தைப் பேட்சாக (மாறும் வரிகளைக் காட்டும் உரையாக) எழுதி, உரிய பராமரிப்பாளருக்கும் உரிய மடற்குழுவுக்கும் மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும். கெர்னலைத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸின் மூல நிரல் களஞ்சியத்துக்குக் கிட்ஹப் தளத்தில் ஒரு பிரதி இருக்கிறது என்றாலும், அங்கே எழுப்பப்படும் புல் ரிக்வெஸ்டுகளின் (இணைப்புக் கோரிக்கைகளின்) வழியாக எதுவும் சேர்க்கப்படுவதில்லை. 1991-இல் தொடங்கிய இத்திட்டம், 2005-இல் தன் தேவைக்கென்றே, நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்னும் கருவியை உருவாக்கிக்கொண்ட பிறகும் மின்னஞ்சலைக் கைவிடவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இது பழங்காலத்து வழக்கமாகத் தோன்றும். எனக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றியது. ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகும் ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேருகின்றன என்பதையும், அவற்றை யாரோ ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், மடலாகவே வந்த நிரலுக்கு மடலுக்குள்ளேயே வரிக்கு வரி பதில் எழுத முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பது விளங்கும்.

இங்கே சொல்லப்போகும் விதிகளுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான் உண்டு: எழுதுகிறவர்கள் ஏராளம், படிக்கிறவர்கள் கொஞ்சம். பேட்சை எழுதியவர் அடுத்த மாதமே வேறு வேலைக்குப் போய்விடலாம். அதை ஏற்றுக்கொண்ட பராமரிப்பாளர்தான் ஆண்டுக்கணக்கில் அதைச் சுமக்க வேண்டும். ஆகவே தன் பேட்சைப் படிக்கப்போகிறவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பாதி வேலையாகக் கொள்பவருக்கு இந்த நடைமுறை கடினமாக இராது.

எதைத் திருத்துவது, எங்கே திருத்துவது

முதல் பேட்சுக்கு ஏற்ற பொருள் நீங்களே எதிர்கொண்ட ஒரு பிழைதான். உங்கள் மடிக்கணினியில் ஏதோவொரு சாதனம் தூக்கத்திலிருந்து விழிக்க மறுக்கிறது, உங்களிடமுள்ள ஒரு மின்சுற்றுப் பலகையில் டிரைவர் (சாதனத்தை இயக்கும் கெர்னல் நிரல்) தவறான பிழை எண்ணைத் திருப்புகிறது என்பது போன்ற சிக்கல்களில், அந்த வன்பொருள் உங்கள் மேசையில் இருப்பதே உங்கள் வலிமை. அப்படி எதுவும் கைவசம் இல்லாதவர்கள் 'டிரைவர்ஸ்' அடைவுக்குள் இருக்கும் 'ஸ்டேஜிங்' பகுதியில் தொடங்கலாம். இன்னும் தரம் உயர வேண்டிய டிரைவர்கள் அங்கே வைக்கப்பட்டிருப்பதால், நடைத் திருத்தங்களும் அங்கே வரவேற்கப்படுகின்றன. அதே வகைத் திருத்தங்களை மற்ற பகுதிகளுக்கு அனுப்புவதைத் தவிர்க்கலாம். பதினைந்து ஆண்டுகளாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கோப்பில் இடைவெளிகளை மட்டும் சீராக்கும் பேட்ச், வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு ஒரு தடங்கலைச் சேர்ப்பதோடு, பராமரிப்பாளரின் பொறுமையையும் சோதிக்கும்.

பொருள் முடிவானதும், களஞ்சியத்தின் முதல் மட்டத்திலேயே இருக்கும் 'மெயின்டெய்னர்ஸ்' கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். இருபதாயிரம் வரிகளைத் தாண்டிய அந்தக் கோப்பில், ஒவ்வொரு பகுதிக்கும் பராமரிப்பாளர் யார், மதிப்பாய்வாளர் யார், எந்த மடற்குழு, எந்தெந்தக் கோப்புகள், எந்தக் களஞ்சியம் ஆகியவை தனித்தனி வரிகளில் குறிக்கப்பட்டிருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது அதிலுள்ள நிலை வரியை. 'மெயின்டெய்ண்டு' அல்லது 'சப்போர்ட்டடு' என்றிருந்தால் பதில் வர வாய்ப்புண்டு. 'ஆர்ஃபன்' என்றிருந்தால் அந்தப் பகுதிக்கு ஆளே இல்லை என்று பொருள், அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பேட்சை லைனஸின் களஞ்சியத்தின் மீதா, அடுத்த பதிப்புக்கான மாற்றங்கள் ஒன்றுசேரும் 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' மீதா, துணை அமைப்பின் (கெர்னலின் ஒரு பிரிவின்) களஞ்சியத்தின் மீதா எழுதுவது என்ற கேள்விக்கும் இந்தக் கோப்பே பெரும்பாலும் விடை தரும்: பராமரிப்பாளர் எந்தக் களஞ்சியத்தில் சேர்ப்பாரோ, அதன் மீது எழுதுவதே முறை.

ஒரு பேட்சில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். பிழையைத் திருத்தும்போது பக்கத்தில் ஒரு மாறியின் பெயர் கண்ணை உறுத்தினால், பெயர் மாற்றத்தை இரண்டாம் பேட்சாகப் பிரித்துவிட வேண்டும். வரிசையாக ஐந்து பேட்சுகள் அனுப்பினால், ஒவ்வொன்றையும் சேர்த்த பிறகும் கெர்னல் கம்பைல் ஆகி இயங்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த விதியே. 'கிட் பைசெக்ட்' மூலம் பிழையின் பிறப்பிடத்தைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடுகிறவர், எந்த இடைப்பட்ட நிலையிலும் வந்து நிற்கக்கூடும். மூன்றாம் பேட்சில் உடைந்து நான்காம் பேட்சில் சரியாகும் வரிசை, அவருடைய தேடலைப் பாழாக்கிவிடும்.

விளக்கக் குறிப்பு

நிரலைவிட அதற்கு மேலுள்ள விளக்கக் குறிப்பே பேட்சின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். ஒரு வெப்ப உணரியின் டிரைவரை எடுத்துக்கொள்வோம். சாதனத்தைத் தொடங்கிவைக்கும் அதன் 'புரோப்' செயற்கூறு முதலில் சாதனத்துக்கான கிளாக்கை (துடிப்பு தரும் கடிகாரச் சுற்றை) இயக்குகிறது. அதன் பிறகு இன்டரப்டை (சாதனம் செயலியை அழைக்கும் குறுக்கீட்டுச் சைகையை) கேட்டுப் பெறுகிறது. இன்டரப்ட் கிடைக்காவிட்டால், பிழை எண்ணைத் திருப்பிவிட்டு வெளியேறிவிடுகிறது. இயக்கிய கிளாக்கை நிறுத்துவதற்கு வழியே இல்லை. திருத்தமோ நான்கு வரிதான்: 'ரிட்டர்ன்' என்பதற்குப் பதிலாகச் செயற்கூற்றின் கடைசியில் ஓர் அடையாளத்துக்கு 'கோட்டூ' மூலம் தாவி, அங்கே கிளாக்கை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும். (கெர்னலில் 'கோட்டூ' தீண்டத்தகாத சொல் அன்று, பிழைப் பாதையில் வளங்களைத் திருப்பித் தருவதற்கு அதுவே வழக்கமான முறை. கல்லூரியில் கற்றதை இங்கே சற்று மறக்க வேண்டியிருக்கும்.)

இந்த நான்கு வரிக்கு 'டிரைவரில் பிழைத் திருத்தம்' என்று தலைப்பிட்டு அனுப்பினால், எந்த டிரைவர், என்ன பிழை என்று அறிய பராமரிப்பாளர் மடலைத் திறந்து நிரலைப் படித்தாக வேண்டும். மாறாக, முதலில் துணை அமைப்பின் பெயர், பிறகு முக்காற்புள்ளி, பிறகு டிரைவரின் பெயர், பிறகு 'புரோப் தோற்றால் கிளாக்கை நிறுத்து' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி என்று அமைத்தால், பெட்டியில் நூறு மடல்கள் கிடந்தாலும் அவருக்கு இது எதைப் பற்றியது என்று கண்டவுடன் தெரியும். தலைப்பு எழுபது, எழுபத்தைந்து எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு துணை அமைப்பும் முன்னொட்டை எப்படி எழுதுகிறது என்பதை, அதே கோப்பின் பழைய கமிட்டுகளை (களஞ்சியத்தில் சேர்ந்த மாற்றங்களை) 'கிட் லாக்' மூலம் பார்த்து அப்படியே பின்பற்றுவது நல்லது.

வினையை ஏவல் வடிவில் எழுத வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. 'நிறுத்தினேன்' என்றோ 'இந்தப் பேட்ச் நிறுத்துகிறது' என்றோ எழுதாமல், நிரலுக்கே கட்டளையிடுவதைப் போல 'நிறுத்து' என்று எழுத வேண்டும். முன்பின் தெரியாத பெரியவர்களுக்கு அனுப்பும் மடலில் ஏவல் வினையைப் பார்க்க நம்மவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அந்த ஏவல் நிரலை நோக்கியது, படிப்பவரை நோக்கியது அன்று என்பதை நினைவில் கொண்டால் கூச்சம் விலகிவிடும்.

தலைப்புக்குக் கீழே ஒரு வெற்று வரி விட்டு, எழுபத்தைந்து எழுத்துகளில் வரியை மடக்கி, உடற்பகுதியை எழுத வேண்டும். முதலில் சிக்கலைச் சொல்லுங்கள். திருத்தத்தை அப்புறம் சொல்லலாம். மேற்கண்ட டிரைவருக்கு நான் எழுதக்கூடியது இந்தப் பொருளில் இருக்கும்: 'இன்டரப்டைப் பெற முடியாதபோது புரோப் நேரே திரும்பிவிடுகிறது, அதற்கு முன் இயக்கப்பட்ட கிளாக் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்நிலையில் சாதனம் பயன்பாட்டுக்கு வராவிட்டாலும் மின்சாரம் செலவாகிறது. பிழைப் பாதையில் கிளாக்கை நிறுத்து.' நிரலில் என்ன மாறியது என்பதைப் படிப்பவர் கீழே பார்த்துக்கொள்வார். ஏன் மாறியது, மாற்றாவிட்டால் பயனருக்கு என்ன நேரும், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பவை நீங்கள் எழுதினால்தான் உண்டு. வேகம் கூடியது என்று சொன்னால் எண்களைத் தர வேண்டும். எண் இல்லாத வேகத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து வருபவை அடையாள வரிகள். பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டை 'ஃபிக்ஸஸ்' வரியில், அதன் எஸ்ஹெச்ஏ அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளோடும் தலைப்போடும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் 'கிட் பிளேம்' மூலம் அந்தக் கமிட்டைத் தேடிப் போகையில், முன்னவர் ஏன் அப்படி எழுதினார் என்பது தெரியவந்து, நம் திருத்தமே தவறு என்று புரிந்துகொள்வதும் உண்டு, அதுவும் லாபமே. பழைய பதிப்புகளுக்கும் இத்திருத்தம் போக வேண்டுமானால், அவற்றைப் பேணும் 'ஸ்டேபிள்' குழுவின் முகவரியை ஒரு 'சிசி' வரியாகக் குறிப்பிலேயே சேர்க்க வேண்டும். அந்தக் குழுவுக்குப் போகும் திருத்தம், மாற்றத்தைச் சுற்றியுள்ள சூழல் வரிகளையும் சேர்த்து நூறு வரிகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

கடைசியில் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று தொடங்கி உங்கள் பெயரும் முகவரியும் வரும். 2003-இல் எஸ்சிஓ நிறுவனம் கெர்னலின் உரிமை குறித்துத் தொடுத்த வழக்கையடுத்து, ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று காட்டும் தேவை எழுந்தபோது, 2004-இல் இந்த வழக்கம் வந்தது. இந்த வரியைச் சேர்ப்பவர், இந்த நிரலை நான் எழுதினேன் அல்லது இதே உரிமத்தில் தருவதற்கு எனக்கு உரிமை உண்டு என்று சான்றளிக்கிறார். அலுவலக நேரத்தில் எழுதியதாக இருந்தால், நிறுவனத்தின் ஒப்புதலை முன்பே பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு கேட்பது சங்கடம். நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வருவதா, பின்னால் வருவதா, தந்தை பெயரை விரித்து எழுதுவதா என்ற குழப்பம் எப்போதும் உண்டு. எதைத் தேர்ந்தாலும் கிட் அமைப்பிலும், மடலின் அனுப்புநர் வரியிலும், இந்த வரியிலும் ஒரே வடிவம் இருக்கட்டும். வேறுபட்டால், பேட்சைச் சரிபார்க்கும் 'செக்பேட்ச்' நிரல் எச்சரிக்கும்.

அனுப்புவதற்கு முன்னும் அனுப்பும்போதும்

'ஸ்கிரிப்ட்ஸ்' அடைவிலுள்ள 'செக்பேட்ச்' நிரலைப் பேட்சின் மீது ஓட்டிப் பாருங்கள். உள்தள்ளலுக்கு எட்டு எழுத்து அகலமுள்ள டேப், அடைப்புக்குறியின் இடம், வரியின் நீளம் முதலியவற்றை அது சரிபார்க்கும். அது சொல்வதெல்லாம் வேதம் அன்று. ஓர் எச்சரிக்கைக்கு இணங்கினால் நிரல் படிக்கக் கடினமாகும் என்றால், இணங்காமல் விட்டுவிட்டுக் கேட்டால் காரணம் சொல்லலாம். மேக் கட்டளையில் கூடுதல் எச்சரிக்கைகளை இயக்கிக் கம்பைல் செய்து, மூல நிரலைப் படித்தே பிழை தேடும் 'ஸ்பார்ஸ்' கருவியையும் ஓட்டிப் பார்த்தால், பிறகு தானியங்கிச் சோதனைகள் ஊரறியச் சொல்லவிருக்கும் பிழைகள் பலவற்றை நாமே முன்கூட்டித் திருத்திக்கொள்ளலாம். வன்பொருள் கைவசம் இல்லாமல் கம்பைல் மட்டுமே செய்து பார்த்திருந்தால், அதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோதித்ததாகப் படிப்பவர் எண்ணிக்கொள்ளும்படி விடுவதுதான் தவறு.

பேட்சைக் கோப்பாக்க 'கிட் ஃபார்மேட்-பேட்ச்', யாருக்கு அனுப்புவது என்று அறிய 'கெட்_மெயின்டெய்னர்', அனுப்புவதற்கு 'கிட் சென்ட்-இமெயில்' என்று மூன்று கருவிகள் உள்ளன. ஒன்றுக்கு மேற்பட்ட பேட்சுகள் இருந்தால், பூச்சியம் என்று எண்ணிட்ட முகப்பு மடல் ஒன்றைச் சேர்த்து, வரிசை முழுவதன் நோக்கத்தையும் அதில் சொல்ல வேண்டும். கான்ஸ்டன்டின் ரியாபிட்செவ் உருவாக்கிய 'பி4' என்னும் கருவி இவை அனைத்தையும் ஒரே இடத்தில் செய்து தருவதோடு, பதிப்பு எண்ணையும், வந்து சேர்ந்த அடையாள வரிகளையும் தானே நிர்வகிக்கிறது. இன்று தொடங்குகிறவர்கள் நேரே அதற்கே போய்விடலாம் என்பது என் கருத்து.

மடல் வெற்று உரையாக மட்டுமே இருக்க வேண்டும். ஹெச்டிஎம்எல் வடிவில் வருவதைக் கெர்னலின் மடற்குழுக்கள் ஏற்பதில்லை. இணைப்புக் கோப்பாக அனுப்பினால், வரிக்கு வரி மேற்கோள் காட்டிப் பதில் எழுத முடியாது. நான் முதன்முதலில் ஒரு பேட்சை, உலாவியில் இயங்கும் மின்னஞ்சல் பக்கத்தில் ஒட்டி அனுப்பினேன். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. டேப்கள் மட்டும் எட்டு எட்டு இடைவெளிகளாக மாறியிருந்தன, நீண்ட வரியொன்று இரண்டாக ஒடிந்திருந்தது. 'பேட்ச் பொருந்தவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதிலிருந்து, எந்தப் பேட்சையும் முதலில் எனக்கே அனுப்பி, வந்து சேர்ந்த மடலைச் சேமித்து, 'கிட் ஏஎம்' கொண்டு புதிய கிளை ஒன்றில் பொருத்திப் பார்த்த பிறகே குழுவுக்கு அனுப்புகிறேன். இதற்கு ஐந்து நிமிடம் போதும். இரட்டைச் சரிபார்ப்பு இயக்கப்பட்ட மின்னஞ்சல் கணக்குகளில், இக்கருவிகளுக்கென்று தனியாகச் செயலிக் கடவுச்சொல் பெற வேண்டியிருக்கலாம்.

காலமும் பார்க்க வேண்டும். ஒரு பதிப்பு வெளியானதும் இரண்டு வாரங்களுக்கு 'மெர்ஜ் விண்டோ' திறந்திருக்கும். பராமரிப்பாளர்கள் தாங்கள் சேர்த்து வைத்தவற்றை லைனஸுக்கு அனுப்பும் காலம் அது. பிறகு 'ஆர்சி1' என்னும் முதல் சோதனைப் பதிப்பு தொடங்கி வாரம் ஒன்றாக 'ஆர்சி7' வரையிலோ 'ஆர்சி8' வரையிலோ பிழைத் திருத்தங்கள் மட்டும் போகும். புதிய வசதிகளைக் கொண்ட பேட்சை மெர்ஜ் விண்டோவின் நடுவே அனுப்புவது, கல்யாண வீட்டில் சமையற்காரரிடம் அடுத்த மாத விருந்தைப் பற்றிப் பேசுவதைப் போன்றது. பிணையப் பிரிவு அந்த இரண்டு வாரங்களில் 'நெட்-நெக்ஸ்ட்' களஞ்சியத்தையே மூடிவிடுகிறது. அப்பிரிவுக்கு அனுப்பும்போது, திருத்தமாயின் 'நெட்' என்றும் புதுவசதியாயின் 'நெட்-நெக்ஸ்ட்' என்றும் தலைப்பின் சதுர அடைப்புக்குள் குறிக்க வேண்டும்; ஒரு வரிசையில் பதினைந்து பேட்சுகளுக்கு மேல் போகக் கூடாது.

பதில் வந்தபின்

பதிலே வராமலும் இருக்கலாம். இரண்டு மூன்று வாரங்கள் ஆவது இயல்பு; ஒரு வாரமாவது கழியாமல் நினைவூட்டக் கூடாது. நினைவூட்டும்போது அதே இழையில் இரண்டு வரி எழுதினால் போதும்.

கருத்துகள் வந்தால், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். மடல் முழுவதையும் அப்படியே கீழே விட்டுவிட்டு மேலே நான்கு வரி எழுதும் அலுவலக வழக்கம் இங்கே செல்லாது. தேவையான வரிகளை மட்டும் மேற்கோளாக நிறுத்தி, அதனதன் கீழே பதிலை எழுதி, மற்றவற்றை வெட்டிவிட வேண்டும். மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று தோன்றினாலும், அவர் தவறாகப் புரிந்துகொள்ளும்படி நம் குறிப்பு அமைந்திருந்தது என்பதை ஏற்று, குறிப்பையோ நிரலிலுள்ள விளக்க வரியையோ திருத்துவது பலன் தரும். ஏனெனில் அதே ஐயம் அடுத்துப் படிப்பவருக்கும் எழும். ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம்; மௌனமாக விட்டுவிட்டு அடுத்த பதிப்பை அனுப்புவதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை. பதில்கள் சில வேளைகளில் வறண்டும் வெடுக்கென்றும் இருக்கும். 2018-இல் நடத்தை விதிகள் ஏற்கப்பட்டதற்கு முன் இருந்த கடுமை இப்போது குறைந்திருக்கிறது என்றாலும், உபசார வார்த்தைகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஒற்றைச் சொல்லில் வரும் 'நாக்' (ஏற்கவில்லை) என்பது உங்களை மறுப்பதன்று, அந்தப் பேட்சை மறுப்பது.

முதல் கருத்து வந்த அரை மணியில் அடுத்த பதிப்பை அனுப்பிவிடாதீர்கள். நாம் தூங்கும் நேரத்தில்தான் அமெரிக்காவில் இருக்கும் மதிப்பாய்வாளர் படிக்கத் தொடங்கியிருப்பார். அவர் எழுதி முடிப்பதற்குள் பழைய பதிப்பு காலாவதியாகியிருந்தால் அவர் உழைப்பு வீண். பிணையப் பிரிவில் இதற்கு 24 மணி நேரம் என்று வரம்பே உண்டு. புதிய பதிப்பில் தலைப்பில் 'வி2' என்று எண்ணிட்டு, முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று சிறு கோடுகள் கொண்ட வரிக்குக் கீழே எழுத வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே, நிரலுக்கு மேலே எழுதியவை, பேட்ச் சேர்க்கப்படும்போது உதிர்ந்துவிடும்; மடலைப் படிப்பவருக்கு உதவும், வரலாற்றில் குப்பையாகத் தங்காது. யாராவது 'ரிவ்யூட்-பை' தந்திருந்தால் அதைப் புதிய பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர் படித்த பகுதி பெரிதும் மாறிவிட்டிருந்தால், அதை நீக்கிவிட்டு, ஏன் நீக்கினீர்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

பிறர் பேட்சைப் படித்தல்

கெர்னலில் நுழைய விரும்பும் இளைஞர்களிடம், முதல் பேட்சை அனுப்புவதற்கு முன் பிறருடைய பேட்சுகள் பத்தையாவது படியுங்கள் என்று சொல்வேன். மதிப்பாய்வு செய்ய யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. குழுவின் மடல்கள் 'லோர்' காப்பகத்தில் பொதுவில் கிடைக்கின்றன. பதவி கேட்கப்படுவதில்லை, பதிலில் பொருள் இருந்தால் போதும்.

படிக்கும் வரிசை முக்கியம். முதலில் விளக்கக் குறிப்பு: சொல்லப்படும் சிக்கல் உண்மையில் உண்டா, திருத்தம் இந்த இடத்தில்தான் வேண்டுமா, வேறு டிரைவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தால் பொதுப் பகுதியில் திருத்துவதல்லவா முறை? இவற்றுள் முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு விடை 'இல்லை' என்றாலோ, மூன்றாவதற்கு 'ஆம்' என்றாலோ, நிரலின் நுணுக்கங்களைப் பற்றி எழுதுவது இருவருக்கும் வீண் வேலை. அடுத்து, பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் ஏதாவது இதனால் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்; கெர்னல் மாறியதால் பயனரின் நிரல் உடைவதை லைனஸ் எக்காரணம் கொண்டும் ஏற்பதில்லை. பிறகு பிழைப் பாதைகள், பூட்டுகள், குறிப்பு எண்ணிக்கைகள் (ஒரு வளத்தை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற கணக்கு), ஒதுக்கப்பட்ட நினைவகத்தை விடுவிப்பவர் யார் என்பன. சுழற்பூட்டைப் பிடித்திருக்கையில் தூங்கக்கூடிய வகையில் நினைவகம் கேட்பது, விடுவித்த பிறகும் சுட்டியைப் பயன்படுத்துவது ஆகியவை திரும்பத் திரும்ப வரும் பிழைகள். எழுத்துப் பிழையும் இடைவெளியும் கடைசியில். அவற்றைச் சொல்லும்போது 'சிறு குறை' என்று குறித்துவிட்டால், எழுதியவருக்கு எது கட்டாயம், எது விருப்பம் என்பது தெரியும்.

பேட்சில் மாற்றத்துக்கு மேலும் கீழும் மூன்று வரிகள்தான் சூழலாகத் தெரியும். பிழை பெரும்பாலும் நான்காம் வரியில் இருக்கும். மேலே சொன்ன வெப்ப உணரிக்கே திரும்புவோம். அந்தப் பேட்சை மடலில் மட்டும் படித்தால் குறை ஒன்றும் தெரியாது: கிளாக் நிறுத்தப்படுகிறது, அடையாளம் சரியான இடத்தில் இருக்கிறது. 'பி4' கொண்டு அதை இறக்கி, களஞ்சியத்தில் பொருத்தி, கோப்பு முழுவதையும் திறந்தால், இருநூறு வரிகளுக்குக் கீழே, சாதனம் நீக்கப்படும்போது ஓடும் 'ரிமூவ்' செயற்கூறு கண்ணில் படும். அங்கே கிளாக்கைக் கையால் நிறுத்துகிறார்கள். இன்டரப்டோ 'டெவ்எம்' வகைச் செயற்கூற்றின் வழியாகப் பெறப்பட்டது. அவ்வகை வளங்கள், ரிமூவ் முடிந்த பிறகுதான், பெற்ற வரிசைக்கு நேர்மாறாகத் தாமே விடுவிக்கப்படும். ஆக, கிளாக் நின்றதற்கும் இன்டரப்ட் விடுவிக்கப்படுவதற்கும் இடையே சிறு இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் இன்டரப்ட் வந்தால், அதைக் கையாளும் செயற்கூறு கிளாக் இல்லாத சாதனத்தின் ரெஜிஸ்டரைப் படிக்கப் போகும். சில சில்லுகளில் அதோடு கணினியே உறைந்துவிடும்.

இதை எழுதியவருக்கு எப்படிச் சொல்வது? 'உங்கள் திருத்தம் முழுமையற்றது' என்று தீர்ப்பெழுதாமல், அந்த வரிகளை மேற்கோள் காட்டிக் கேள்வியாகக் கேட்பதே நல்லது: 'புரோப்பில் செய்த மாற்றம் எனக்குச் சரியாகப் படுகிறது. ரிமூவில் கிளாக்கை நிறுத்திய பிறகும் இன்டரப்ட் உயிரோடு இருக்கிறதல்லவா? அப்போது இன்டரப்ட் வந்தால் என்ன ஆகும்? கிளாக்கையும் டெவ்எம் வழியாகப் பெற்றால் வரிசை தானே சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. ஆனால் அப்போது ரிமூவில் கையால் நிறுத்தும் வரியை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் இருமுறை நிறுத்தப்படும்.' கேள்வி தவறாக இருந்தால் எழுதியவர் விளக்குவார், நாம் கற்றுக்கொள்வோம். சரியாக இருந்தால் வி2 இரண்டு பேட்சுகளாக வரும். பழைய பதிப்புகளுக்கு எளிதாகக் கொண்டுபோகக்கூடிய நான்கு வரித் திருத்தம் முதலிலும், வரிசையை மாற்றும் திருத்தம் அடுத்தும் வருவதே பொருத்தம்.

சிறு பேட்ச் என்றால் பார்வையும் தளர்ந்துவிடுகிறது. பிழைப் பாதையைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டே புதிய பிழையை நுழைக்கும் சிறு பேட்சுகளை வேண்டுமென்றே அனுப்பி மதிப்பாய்வைச் சோதித்த மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வொன்று, 2021 ஏப்ரலில் பெரும் சர்ச்சையானது. அப்பல்கலைக்கழகத்திலிருந்து அதுவரை வந்திருந்த பழைய மாற்றங்களையெல்லாம் பராமரிப்பாளர்கள் மீண்டும் எடுத்துப் படிக்க நேர்ந்தது. அந்த ஆய்வின் நெறி வேறு விவாதம். ஆனால் வளத்தை விடுவிக்கும் ஒற்றை வரி சேர்க்கப்படும் இடத்தில், அதற்குப் பிறகு அந்த வளத்தை யாரும் தொடவில்லை என்பதை மதிப்பாய்வாளர் தாமே தேடிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

திருப்தி ஏற்பட்டால் எந்த அடையாள வரியைத் தருவது என்பதில் கவனம் வேண்டும். 'ரிவ்யூட்-பை' தருபவர், தொழில்நுட்ப நோக்கில் படித்தேன், கண்ட குறைகளைச் சொல்லி நிறைவான பதில் பெற்றேன், இது சேர்க்கத் தக்கது என்று கருதுகிறேன் என்று சொல்கிறார். இயங்கும் என்ற உத்தரவாதத்தை அவர் தருவதில்லை. 'ஆக்ட்-பை' என்பது பெரும்பாலும் தொடர்புடைய பகுதியின் பராமரிப்பாளர், எனக்கு மறுப்பில்லை என்று சொல்வது. வன்பொருள் வைத்திருந்து ஓட்டிப் பார்த்தவர் 'டெஸ்டட்-பை' தரலாம். நிரலை முழுதும் புரிந்துகொள்ளாத புதியவரும் தரக்கூடிய மதிப்புள்ள வரி அது, எந்தச் சாதனத்தில் எப்படிச் சோதித்தார் என்பதையும் சேர்த்து எழுதினால் மதிப்பு இன்னும் கூடும். ஐந்தில் இரண்டு பேட்சுகளைத்தான் படித்தீர்கள் என்றால் அந்த இரண்டுக்கு மட்டும் கொடுங்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் வருகிற பேட்சுக்கெல்லாம் ரிவ்யூட்-பை போடுகிறவர்களின் பெயரைப் பராமரிப்பாளர்கள் விரைவில் கண்டுகொள்கிறார்கள். அதன் பிறகு அந்த வரிக்கு எடை இராது.

சேர்ந்த பிறகு

பராமரிப்பாளர் 'அப்ளைட், தேங்ஸ்' என்று எழுதியதும் பேட்ச் அவருடைய களஞ்சியத்துக்கும், அங்கிருந்து லினக்ஸ்-நெக்ஸ்டுக்கும், அடுத்த மெர்ஜ் விண்டோவில் லைனஸுக்கும் போகும். அவசரத் திருத்தமாயின் நடப்பு ஆர்சியிலேயே சேரும். இதற்கிடையே தானியங்கிச் சோதனைகளிலிருந்து, நீங்கள் கேள்விப்பட்டேயிராத ஏதோவொரு கணினி வகையில் கம்பைல் ஆகவில்லை என்று மடல் வரக்கூடும். அதற்கு உடனே பதில் தர வேண்டும். பேட்ச் ஏற்கெனவே சேர்ந்துவிட்டபடியால், புதிய பதிப்பை அனுப்பாமல், அதன் மீது அமையும் தனித் திருத்தத்தையே அனுப்ப வேண்டும். ஸ்டேபிள் குழுவைக் குறித்திருந்தால், சில வாரங்களில், எந்தெந்தப் பழைய பதிப்புகளில் உங்கள் பேட்ச் சேர்க்கப்படுகிறது என்று அறிவிக்கும் மடல்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒன்றாக வரும். அவற்றுக்கு நன்றி சொல்லிப் பதில் எழுத வேண்டியதில்லை. குறிப்பிட்ட பழைய பதிப்பில் அந்தத் திருத்தம் பொருந்தாது என்று தெரிந்தால் மட்டும், அதன் காரணத்தை எழுதி நிறுத்தச் சொல்லுங்கள்.